தேக்சாவில் வெந்த கல்

என் வீட்டுக்காரருக்கு வீட்டுக்குள்ளேயே கடல் வேண்டும் என்று ஆசை வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. திண்டுக்கல்லில் இருக்கிறவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறுவார்கள். இவரோ பேகம்பூரில் ஒரு சந்து வீட்டின் முன்னறையில், நாலைந்து பிளக்குகளுக்கு நடுவில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீரை நிரப்பி வைக்கிறேன் என்றார். பெற்றவளுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? எங்களுக்கு ஒரே பிள்ளை, இஃப்பத். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மழைக்காலத்தில் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

அவர் பெயர் கிதர் முகம்மது. எனக்கு மாமன் மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னும் மச்சான்தான், பின்னும் மச்சான்தான். பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறோம். கல்யாணமோ, கோயில் அன்னதானமோ, மாதா கோயில் திருவிழாவோ, எதுவானாலும் பிரியாணி ஆக்குகிற தேக்சாவும் அண்டாவும் கரண்டியும் எங்கள் கடையிலிருந்து போகும். போகும்போது பளபளவென்று போகிற தேக்சா, திரும்பி வரும்போது அடியில் நெய்யும் மசாலாவும் கருகி, பார்க்கவே சகிக்காது. அதைத் தேய்த்து எடுக்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. வீட்டின் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே பெரிய பர்னரைப் பற்றவைத்து, ஒரு தேக்சா நிறையத் தண்ணீரும் சலவை சோடாவும் கொதிக்கவிட்டு, தட்டு, கரண்டி, மூடி எல்லாவற்றையும் அதில் அமுக்கி எடுப்பார்கள். ஒரு தண்ணீரைக் கீழே கொட்டுவதற்கு முன் மூன்று ஈடு எடுத்துவிட வேண்டும் என்பது கடையின் வழக்கம். கொதிக்க வைத்தால் போகாத அழுக்கே கிடையாது என்று மச்சான் முழுதாக நம்பினார். இஃப்பத் குழந்தையாக இருந்தபோது அவளுடைய கிலுகிலுப்பையைக் கொதிக்க வைத்து உருக்கிய மனுஷன் அவர்.

தொட்டி வந்தது. நாகல் நகரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் ஆல்வின்தான் இதில் அவருக்கு ஆலோசகர். குழாய்த் தண்ணீர் ஆகாது என்று அதற்கென்று தனியாக ஒரு ஃபில்டர் மாட்டினார்கள். அதில் வடிகிற சுத்தமான தண்ணீரில், மூட்டையில் வரும் கடல் உப்பைக் கரைத்து, ஒரு சின்னக் குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து உப்பு சரியா என்று அளந்தார்கள். நம்ம ஊர் போர் தண்ணியை அப்படியே ஊற்றினால் உப்பு மூட்டை மிச்சமாகுமே என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அதைவிடப் பெரிய கேலி, தொட்டியை நிரப்பிவிட்டு ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு மீன்கூட விடாமல் வெறும் கல்லையும் தண்ணீரையும் அவர் காவல் காத்தது. தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம். அதற்குள் மீன் விட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடுமாம். வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, மீன் எங்கே பாய் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் பயந்தது வேறு மாதிரி. தண்ணீரும் கரண்டும் ஒரே மேஜையில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆகாது. இஃப்பத் ஈரக் கையோடு தொட்டிப் பக்கம் போனால் நான் போடுகிற சத்தத்தில் தெருவே திரும்பும். மச்சான் வயர்களை எல்லாம் சுவரோடு உயர்த்திக் கட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் வழிந்து பிளக்குக்குப் போகாதபடி ஒரு தொங்கல் விட்டார். அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. இந்தத் தொட்டியால் என் பிள்ளைக்கு ஏதாவது வரும் என்று உள்ளே ஒரு நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. அது கரண்டு வழியாக வரும் என்று நினைத்தேன்.

பிறகு ஆரஞ்சு மீன்கள் ஒரு ஜோடி வந்தன. நீல விளக்கு போட்டதும் பூ மாதிரி விரியும் பவள உயிர்கள் வந்தன. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறிவிடும் என்று பாட்டிலில் ஐஸ் உறைய வைத்து நானே அதில் மிதக்கவிட்டிருக்கிறேன். கரண்டு போனால் இன்வெர்ட்டரில் முதல் உரிமை மீனுக்கு, அப்புறம்தான் எங்கள் ஃபேனுக்கு. இஃப்பத் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

மதுரையில் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டு, மச்சான் போய் ஒரு கூடைக் கல் வாங்கி வந்தார். அந்தக் கல்லில் பழுப்பு நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ உயிர் ஒட்டியிருந்தது. பவளத்தில் அதுவும் ஒரு வகை என்றார். கொஞ்ச நாளில் அந்தப் பொத்தான்கள் பெருகி, பக்கத்துக் கல்லில் ஏறி, இஃப்பத்துக்குப் பிடித்த பச்சைப் பவளத்தையே மூட ஆரம்பித்தன. ஆல்வினிடம் போனில் கேட்டதற்கு, அந்தக் கல்லைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று சொன்னாராம். மச்சான் கையுறை போட்டுக்கொண்டார். கல்லை எடுத்தார். எடுத்த கல்லை எறிய மனம் வரவில்லை. பொத்தானைச் சுத்தமாக நீக்கிவிட்டால் கல்லைத் திரும்பப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றே ஒன்றுதான்.

அது ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை. கடைப் பையன்கள் பாத்திரம் ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து விடாத மழை. சாரல் அடிக்கிறது என்று கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு, தேக்சாவில் தண்ணீர் ஊற்றி, சோடா போட்டு, கல்லை எல்லாம் உள்ளே போட்டுப் பர்னரைப் பற்றவைத்தார். பொத்தான்கள் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இஃப்பத் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் இருவருக்கும் டீ எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஆவி கட்டிக்கொண்டு நின்றது. கருவாட்டுக் கடை மாதிரி ஒரு வாடை. நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்து மச்சான் சிரித்தார். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு காசை நாக்கில் வைத்தது மாதிரி கசந்தது. மசாலாவில் கோளாறு என்று நினைத்தேன். மச்சானும் அதையே சொன்னார். இஃப்பத் ஒரு வாய்கூட வைக்கவில்லை. அசர் தொழுகைக்கு முன்னால் அவளுக்கு நடுக்கம் எடுத்தது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தினேன். உடம்பு அனலாகக் கொதித்தது, பல் கிட்டியது. அப்புறம் இளைப்பு வந்தது. வழக்கமாகப் பஃப் இரண்டு முறை அடித்தால் அடங்கும். அன்றைக்கு அடங்கவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போய் வந்தது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அன்புக்கரசி பொறுமையான மனுஷி. பிள்ளைக்கு ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார், நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார். ஏதோ கிருமித் தொற்று மாதிரி தெரிகிறது, படம் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். மச்சானும் விடாமல் இருமிக்கொண்டுதான் இருந்தார். உங்களையும் பார்க்கிறேன் என்று டாக்டர் சொன்னதற்கு, மழையில் நனைந்த சளி என்று சொல்லிவிட்டார். கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு முடியாமல் கிடக்கும்போது சும்மா நிற்க அவரால் முடியாது.

"கிருமியாம் நர்கீஸு. இவ படுத்த விரிப்பு, போர்வை, உடுப்பு அம்புட்டையும் ஒரு கொதி விட்டு எடுத்துட்டு வாரேன். செத்த நேரந்தான்."

சரி என்றேன். வீட்டில் கிருமியை வைத்துக்கொண்டு பிள்ளையைத் திரும்பக் கூட்டிப் போக எனக்கும் பயம்தான்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் டாக்டர் படத்தோடு வந்தார். படத்தைப் பார்த்தவர் என்னையும் உற்றுப் பார்த்தார். ஏனென்றால் நானும் அதற்குள் இரும ஆரம்பித்திருந்தேன். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு ஒரே மத்தியானத்தில் கிருமி வராதும்மா என்றார். பெயின்ட் அடித்தீர்களா, பூச்சி மருந்து தெளித்தீர்களா, எதையாவது எரித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள், கல்லைக் கொதிக்க வைத்தோம் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. அது என்ன கல் என்று தெரிந்தவர் யாரிடமாவது இப்போதே கேளுங்கள் என்றார்.

ஆல்வினுக்குப் போன் போட்டு, மதுரைக் கல்லை மச்சான் தேக்சாவில் போட்டுக் கொதிக்க வைத்தார் என்றேன். அவர் பதறிப்போனார்.

"அக்கா, அந்தப் பொத்தான்ல வெசம் இருக்கு. கொதிக்கவிட்டா சாகாது, ஆவியில ஏறி வரும். வீட்டுக்குள்ள யாரும் போகாதீங்க. அந்தத் தண்ணியத் தொடவே கூடாது. யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

எனக்குத் தலைக்குள் இடி இறங்கியது. கல்லை எடுத்த பிறகு அந்தத் தண்ணீரை மச்சான் கொட்டவில்லை. கொட்ட மாட்டார். ஒரு தண்ணீருக்கு மூன்று ஈடு. அதே தேக்சாவில், அதே தண்ணீரில்தான் இப்போது போர்வையை வேகவைத்துக்கொண்டிருப்பார். காலையில் வந்த ஆவி போதாதென்று இரண்டாம் கொதியும் சேரும். கதவும் சாத்தியிருக்கும், மழை நிற்கவில்லை.

அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பர்னர் எரியும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. பக்கத்து வீட்டு ருக்ஸாருக்கு அடிக்கலாம் என்றால் அவர்கள் குடும்பத்தோடு கொடைரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். வேறு யாரையாவது அனுப்பினால் அவர்களும் நேராக உள்ளே ஓடுவார்கள். நான்தான் போயாக வேண்டும். இஃப்பத் மாஸ்க்குக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முந்தானை அவள் கையில் இருந்தது. நர்ஸ் ரூபி வந்து அந்த விரல்களை மெல்லப் பிரித்துத் தன் கையில் வாங்கிக்கொண்டு, நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். பிள்ளையை விட்டுவிட்டு அந்த வராண்டாவில் நடந்தேன்.

வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் பெயர் பொம்மையன். ஐம்பது வயசு இருக்கும். நான் அழுதுகொண்டே சொன்னதில் அவருக்குப் பாதி புரிந்ததோ என்னவோ, மழையில் ரவுண்டானாவைக்கூடச் சுற்றாமல் எதிர்ப்பக்கமாகவே புகுந்து ஓட்டினார். வழி முழுக்க நான் போனை அடித்துக்கொண்டே வந்தேன். எடுக்கவில்லை. பர்னர் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யா அல்லாஹ், பர்னர் சத்தமாகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பின்சந்து வழியாகப் போனோம். கொட்டகையின் தகர இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. பர்னர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நல்லவேளை, சிலிண்டர் வெளியே சந்துப் பக்கம்தான் நிற்கிறது. முதலில் அதைத்தான் மூடினேன். ஊளை நின்றது. நின்றதும் உள்ளே இருந்து ஒரு இருமல் சத்தம்கூட வரவில்லை என்பது தெரிந்தது. அதற்குப் பர்னர் சத்தமே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கதவைக் காலால் உதைத்துத் திறந்துவிட்டு ஓடி விலகினேன். ஆவி மொத்தமாக வெளியே வந்து மழையில் கரைந்தது. கொஞ்சம் விலகியதும் தேக்சாவுக்கு அந்தப் பக்கம் அவர் கால் தெரிந்தது. பிறகு அவர் முழுதாகத் தெரிந்தார். ஒருக்களித்துக் கிடந்தார், கையில் கிளறுகிற துடுப்பு. பொம்மையன் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு பாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். தையல் விட்டுப் போனது, ஆனாலும் விடவில்லை.

"அண்ணே, போகாதீங்க. போனா நீங்களும் விழுந்துருவீங்க. துண்டுக்கெல்லாம் அது நிக்காது."

"ஏம்மா, கெடக்குறது உன் புருசன்மா."

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் அவரையே போன் பண்ணச் சொன்னேன். அவர் போன் பேசிக்கொண்டே சந்தில் கிடந்த ஒரு சவுக்குக் கம்பை எடுத்து, பக்கவாட்டுத் தகரத்தை வெளியிலிருந்து நெம்பினார். ஒரு தகடு பிரிந்து காற்று ஊடாடியது. அது போதவில்லை. நான் கதவுக்கு நேராக நின்று கூப்பிட்டேன். மச்சான் மச்சான் என்று கூப்பிட்டேன், பெயர் சொல்லியும் கூப்பிட்டேன். கல்யாணமாகி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே போக எட்டே எட்டு அடி வைத்தால் போதும். போய் விழுந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை யாருமில்லாமல் கிடக்கும். போகாவிட்டால் அவர் என் கண் முன்னாலேயே போய்விடுவார். உலகத்தில் எந்தப் பொம்பளையையும் ஆண்டவன் இப்படி ஒரு வாசலில் நிறுத்தக் கூடாது. நான் அழுதுகொண்டே நின்றேன்.

அப்போதுதான் அவர் அசைந்தார். முதலில் கை, பிறகு தலை. எழ முடியாமல் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி ஊன்றி, சிமென்ட் தரையில் நெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்று வாந்தி எடுத்தார். மறுபடியும் இழுத்தார். அவர் கை வாசலைத் தாண்டியதும் நானும் பொம்மையனும் மணிக்கட்டைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துப் போட்டோம். மழை அவர் முகத்தில் விழுந்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஆட்டோவிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாதாம். மூச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பே மீளும்வரை காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். எனக்கும் ஊசி போட்டு ஒரு கட்டில் கொடுத்தார்கள். நான் அதில் படுத்ததாக ஞாபகம் இல்லை. இஃப்பத்துக்கு மறுநாள் இளைப்பு தணிந்தது. மாஸ்க்கை எடுத்ததும் மீனுக்குத் தீனி போட்டாச்சா என்றுதான் கேட்டாள். ஆல்வின் முகத்தை முழுதாக மூடுகிற மாஸ்க்கோடு வந்து தொட்டியைப் பிரித்துக்கொண்டு போனார். அந்தத் தேக்சாவை எப்படி அழிப்பது என்பதை மட்டும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்தார்கள். மச்சானுக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவரைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கும் இப்படித்தான் வெளியே நின்றாய் என்று எனக்குள் ஒரு குரல் கேட்கும். புருஷன் சாவதை நின்று பார்க்க முடிந்தவள் நான் என்று எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

குழாயை எடுத்த அன்று அவருக்குக் குரல் வரவில்லை. மறுநாள் என் கையைத் தட்டிக் கூப்பிட்டார். காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"நீ செருப்பக் கழட்டுன."

எனக்குப் புரியவில்லை. மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். தரையில் கிடந்தபோது அவருக்கு நினைவு இருந்திருக்கிறது, கண்ணும் திறந்தே இருந்திருக்கிறது. உடம்புதான் அசையவில்லை. நான் கூப்பிட்டதெல்லாம் கேட்டிருக்கிறது.

"நீ வெளிய நின்னவரைக்கும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. பிள்ளைக்கு நீ இருக்கேன்னு அப்படியே கண்ண மூடிருவோம்னு நெனச்சேன். அப்பறம் நீ வாசல்ல செருப்பக் கழட்டுன. உள்ள வரப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல என்னால படுத்துக் கெடக்க முடியல."

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வெறுங்காலோடுதான் திரும்பி வந்தேன். மழைத் தண்ணீரில் செருப்பு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதைக் கழற்றியது எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் கையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். ரூபி ஓடிவந்து, இப்போதுதான் குழாயை எடுத்திருக்கிறோம், அவரை இப்படிப் பேச வைக்கலாமா என்று என்னைத்தான் திட்டினார்.